இயந்திரம் பிடிக்கும் சிகரெட்

ஆய்வுக்கூடங்களில் சிகரெட் பிடிப்பதற்கென்றே இயந்திரங்கள் இருக்கின்றன. சுழலும் வட்டில் இருபது சிகரெட்டுகளைச் செருகிப் பற்றவைத்தால், முறை வைத்து ஒவ்வொன்றையும் இழுக்கும். ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர அமைப்பின் விதிப்படி ஓர் இழுப்பு 35 மில்லிலிட்டர். இழுக்கும் நேரம் இரண்டு விநாடி. நிமிடத்துக்கு ஓர் இழுப்புதான். அதற்கு முன் சிகரெட்டுகளைக் குறைந்தது 48 மணி நேரம் 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும். ஃபில்டரைச் சுற்றிய தாளின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் தூரம் வரை தீ வந்துவிட்டால் அந்தச் சிகரெட்டின் கணக்கு முடிந்தது.

புகை போகும் வழியில் கண்ணாடி இழையால் ஆன ஒரு வடிதட்டு இருக்கும். வெள்ளை வெளேரென்று உள்ளே வைத்தது பழுப்பேறி, பிசுபிசுப்போடு வெளியே வரும். அதன் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கூடிய எடையிலிருந்து நிக்கோடினையும் நீரையும் கழித்தால் மிஞ்சுவதைத்தான் ‘தார்’ என்று பெட்டியில் அச்சிட்டார்கள். தார் என்று தனியாக ஒரு வேதிப்பொருள் கிடையாது. அது ஒரு கழித்தல் கணக்கின் மிச்சம். அந்த மிச்சத்துக்குள் ஆயிரக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

இந்தப் பிசினை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்கலாம். புகை மரபணுவைக் கெடுக்கிறதா என்பது ஒன்று. எந்தச் சிகரெட் குறைவாகக் கெடுக்கிறது என்பது மற்றொன்று. ஒரே சோதனை, ஒரே தட்டு, ஒரே எண்ணிக்கை இரண்டுக்கும் பதில் தருவதுபோலத் தோன்றும். முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் ஐம்பது ஆண்டுகளாகத் தெளிவாகவே பதில் சொல்லிவருகிறது. இரண்டாவதற்கு அதனிடம் நேரான பதில் இல்லை. இந்த வேறுபாட்டைச் சிகரெட் நிறுவனங்கள் பொதுமக்களுக்கு வெகுகாலம் முன்பே புரிந்துகொண்டன என்பதே புகைச் சோதனையின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் படுவது.

முதலில் எலிகள். 1953 டிசம்பரில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம், அடீல் குரோனிங்கர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயந்திரத்தில் புகைத்துச் சேர்த்த தாரை அசிட்டோனில் கரைத்து, மயிர் மழித்த சுண்டெலி முதுகில் வாரத்துக்கு மூன்று முறை தூரிகையால் பூசினார்கள். பூசப்பட்ட எலிகளில் 44 சதவீதத்துக்குத் தோல் புற்றுநோய் வந்தது. இதே போன்ற சோதனையை அர்ஜென்டினாவின் ஏஞ்சல் ரோஃபோ 1930களிலேயே முயல் காதில் செய்து காட்டியிருந்தார்; அமெரிக்காவில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இம்முறை செய்தி நாளிதழ்களின் முதல் பக்கத்துக்குப் போனது, பங்குச் சந்தை அசைந்தது. 1954 ஜனவரி 4 அன்று சிகரெட் நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் கூட்டாக விளம்பரம் கொடுத்தன. எலிச் சோதனையை மனிதருக்குப் பொருத்த முடியாது, மேலும் ஆய்வு தேவை, அந்த ஆய்வுக்கு நாங்களே பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். கிரஹாம் உலகின் முதல் வெற்றிகரமான முழு நுரையீரல் நீக்க அறுவைச் சிகிச்சையை 1933இல் செய்தவர். அவரே நெடுநாள் சிகரெட் பிடித்தவர். 1957இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

எலிச் சோதனையின் தொல்லை காலமும் செலவும். ஒரு வகைச் சிகரெட்டைச் சோதிக்க நூற்றுக்கணக்கான எலிகளும் ஒன்றரை இரண்டு ஆண்டுகளும் வேண்டும். இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் பெர்க்கிலியில் இருந்த புரூஸ் ஏம்ஸ். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டின் பின்புறத்தில் இருந்த பொருள் பட்டியலைப் படித்துவிட்டு, இவற்றில் எது மரபணுவைக் கெடுக்கும் என்று யோசித்ததில் தொடங்கியதாகச் சொல்வார். 1973இல் அவர் வெளியிட்ட முறைதான் இன்று உலகம் முழுவதும் ஏம்ஸ் சோதனை என்று வழங்குகிறது. காப்புரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல், கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் பாக்டீரியாவை அனுப்பிவைத்தார்.

சோதனையின் தந்திரம் எளியது. சால்மொனெல்லா பாக்டீரியாவின் ஒரு மரபணுவில் வேண்டுமென்றே பழுது வைக்கப்பட்டிருக்கும். அதனால் அதற்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள வராது. ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத அகார் தட்டில் அதைப் பரப்பினால் பட்டினியில் நின்றுவிடும். கூடவே சிகரெட் பிசினையும் சேர்க்கிறோம். பிசின் டி.என்.ஏ.வைக் கண்டபடி குலைக்கும்போது, அபூர்வமாக ஏதோ ஒரு பாக்டீரியாவுக்குத் தற்செயலாக அந்தப் பழைய பழுதும் சரியாகிவிடும். சரியான ஒவ்வொன்றும் பெருகி, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாளில் குண்டூசித் தலை அளவு வெண்புள்ளியாக எழும். புள்ளிகளை எண்ணினால் போதும்.

பாக்டீரியாவையும் அவர் சும்மா விடவில்லை. அதன் வெளிச்சுவரைப் பலவீனமாக்கினார், பெரிய மூலக்கூறுகளும் உள்ளே நுழையட்டும் என்று. டி.என்.ஏ. பழுதை வெட்டிச் செப்பனிடும் மரபணுவையே நீக்கினார். இயற்கையில் ஒரு நாள்கூடப் பிழைக்காத ஒரு நோஞ்சானை உருவாக்கினார். சிறு தீங்கையும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். டி.ஏ.98 என்ற பாக்டீரியா வகையின் தட்டில் எதுவும் சேர்க்காவிட்டாலும் இருபது முதல் ஐம்பது புள்ளிகள் தாமாகவே எழும். சிகரெட் பிசினைச் சேர்த்தால் அளவுக்கு ஏற்ப அது நூற்றுக்கணக்கில் போகும்.

இன்னொரு பொருளும் தட்டில் சேர வேண்டும். அதுதான் முறையின் உயிர். புகையில் உள்ள பல பொருள்கள் உள்ளே வரும்போது டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. அவற்றைக் கழிவாக்கி வெளியேற்ற நம் உடலின் நொதிகள் வேலை செய்கின்றன. நீரில் கரையும்படி மாற்றப் போய், நடுவழியில் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடுகின்றன. பாக்டீரியாவிடம் இந்த நொதிகள் கிடையாது. ஆகவே எலியின் கல்லீரலை அரைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி எடுத்த தெளிவு நீரைத் தட்டில் சேர்க்கிறார்கள். எஸ்-9 என்று பெயர். அதைச் சேர்க்காமல் செய்தால் சிகரெட் பிசின் பெரிதாக எதையும் காட்டாது. சேர்த்தால் தட்டு நிறையப் புள்ளிகள். சிகரெட் புகை நம்மைக் கெடுப்பதில் பாதி வேலையை நம் உடலே செய்து கொடுக்கிறது என்பதை இந்த இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

1974இல் ஏம்ஸின் ஆய்வுக்கூடமே சிகரெட் பிசினைச் சோதித்து, அது மரபணுவில் திடீர்மாற்றத்தைத் தூண்டுகிறது என்று வெளியிட்டது. 1977இல் எடித் யமசாகியும் ஏம்ஸும் புகைப்பவர்களின் சிறுநீரைச் செறிவாக்கி இதே தட்டில் வைத்தார்கள். அதுவும் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றியது. புகையை உள்ளே இழுத்தவர்களின் உடலுக்குள் சுற்றிவிட்டு வெளியே வந்த பிறகும் அந்தச் சரக்குக்கு வீரியம் போகவில்லை. பிற்காலத்தில் ஏம்ஸ், உணவில் கிடக்கும் சொற்ப பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று வாதாடிச் சுற்றுச்சூழல் இயக்கத்தினரின் கோபத்தைச் சம்பாதித்தார். புகையிலை விஷயத்தில் மட்டும் அவர் நிலை கடைசிவரை மாறவில்லை.

தட்டுக்குத் தெரியாதவையும் உண்டு. பிசினின் வீரியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, டி.ஏ.98 தட்டில் எழும் புள்ளிகளில் பெரும் பங்கு காரத்தன்மையுள்ள பகுதியிலிருந்து வந்தது. புகையிலையின் புரதமும் அமினோ அமிலங்களும் கருகும்போது உண்டாகும் அமீன் வகைப் பொருள்கள் அவை. தோக்கியோவில் தக்காஷி சுகிமுராவின் குழு சுட்ட மீனின் புகையிலும் கருகலிலும் இதே குடும்பத்தைக் கண்டது. நைட்ரஜன் மிகுந்த பர்லி வகைப் புகையிலை, வெப்பக் காற்றில் பதப்படுத்திய புகையிலையைவிட அதிகப் புள்ளிகள் காட்டுவதற்கும் காரணம் இதுதான். மறுபக்கம், எலிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வரவழைப்பதில் பேர் போன என்.என்.கே. என்ற நைட்ரோசமீன் வழக்கமான ஏம்ஸ் தட்டில் மந்தமாகவே தெரியும். அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, பியூட்டாடையீன் போன்றவை வடிதட்டில் நிற்காத வாயுக்கள். பிசினை மட்டும் சோதித்தால் அவை கணக்கிலேயே வராது. சோதனையில் அதிகம் சத்தம் போடுவதும் நுரையீரலில் அதிகம் தீங்கு செய்வதும் ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஓட்டைகளை அடைக்க வேறு சோதனைகள் வந்தன. பாலூட்டிகளின் செல்களை வளர்த்துப் பிசினைச் சேர்த்தால், செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டு உட்கருவில் சேராமல் வெளியே குட்டியாக உருண்டு நிற்கும். நுண்ணோக்கியில் பெரிய வட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறிய வட்டம். அதற்கு நுண் உட்கரு என்று பெயர். பாக்டீரியாவுக்கு உட்கருவும் இல்லை, நம்முடையதைப் போன்ற குரோமோசோம்களும் இல்லை என்பதால் இந்த வகைச் சேதம் ஏம்ஸ் தட்டுக்கு எட்டாது. வாயுக்களையும் விட்டுவிடாமல் பிடிக்க, நுரையீரல் செல்களை ஒரு சவ்வின் மேல் வளர்த்து, கீழே ஊட்டநீரும் மேலே புகையும் படும்படி வைக்கும் கருவிகளும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன.

நுண் உட்கருச் சோதனையின் பெரிய வசதி, அதை மனிதர் வாயிலிருந்தே செய்யலாம் என்பது. கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டினால் செல்கள் கிடைத்துவிடும். கனடாவின் வான்கூவரிலிருந்து ஹான்ஸ் ஸ்டிச்சும் அவருடைய குழுவினரும் கேரள மருத்துவர்களோடு சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகையிலையோடு வெற்றிலை போடுபவர்களுக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். வாயில் நுண் உட்கருக்கள் குறைந்தன. வெண்படலங்கள் சிலருக்கு மறைந்தன. மரபணுச் சேதத்தைச் சத்து மாத்திரை தணிக்கிறது என்றால் புற்றுநோயையும் தணிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த பெரும் சோதனையின் முடிவு 1994இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. வாய் வேறு, நுரையீரல் வேறு. மெல்லும் புகையிலை வேறு, புகை வேறு என்று காரணம் சொல்லலாம். சொல்ல வேண்டியதும்தான். ஆனாலும் ஓர் அடையாளம் குறைந்தது, ஆகவே நோயும் குறையும் என்ற வாதத்தை இனி யாரும் அவ்வளவு எளிதாக வைக்க முடியாது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது எந்தச் சிகரெட் குறைவாகக் கெடுக்கும் என்பதற்கு வருவோம். விவகாரம் முழுக்க வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: அ என்ற சிகரெட் இயந்திரத்தில் 10 மில்லிகிராம் தாரும் 1 மில்லிகிராம் நிக்கோடினும் தருகிறது. ஆ என்ற ‘லைட்’ சிகரெட் 5 மில்லிகிராம் தாரும் 0.4 மில்லிகிராம் நிக்கோடினும் தருகிறது. இரண்டின் தாரும் மில்லிகிராமுக்கு ஆயிரம் புள்ளிகள் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தார் கணக்கில் இரண்டும் சமம். சிகரெட் கணக்கில் அ பத்தாயிரம், ஆ ஐயாயிரம். லைட்டின் தீங்கு பாதிதான். நிக்கோடின் கணக்கில் அ பத்தாயிரம், ஆ பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, லைட்தான் மோசம். தட்டில் உள்ள புள்ளி ஒன்றுகூட மாறவில்லை. புகைப்பவர் எதற்காகப் புகைக்கிறார் என்று கேட்டால் எந்தக் கணக்கு சரி என்பது தெரியும். அவருக்கு வேண்டியது நிக்கோடின்; அது போதுமான அளவு ஏறும்வரை ஆழமாக இழுப்பார், அடிக்கடி இழுப்பார், இன்னொன்றையும் பற்றவைப்பார்.

அந்த லைட் எப்படி லைட் ஆனது என்பதும் பார்க்க வேண்டியது. ஃபில்டரைச் சுற்றிய தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகளை வரிசையாகப் போட்டார்கள். இழுக்கும்போது வெளிக்காற்று அவற்றின் வழியே புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். இயந்திரம் சிகரெட்டை நுனியில் மட்டும் பிடிப்பதால் துளைகள் திறந்தே இருக்கும். மனிதரின் உதடும் விரலும் போய் உட்காருவது பெரும்பாலும் அந்தத் துளைகளின் மேல்தான். கனடா அரசு தன் கடுமையான முறையில் இழுப்பை 55 மில்லிலிட்டராக்கி, முப்பது விநாடிக்கு ஒன்று என்று வைத்து, துளைகளை முழுக்க நாடா ஒட்டி மூடச் சொன்னது இதனால்தான். 2005இல் திருத்திய விதிகளின்படி, சிகரெட் புகையின் ஏம்ஸ், நுண் உட்கரு, செல் நச்சுச் சோதனை முடிவுகளை நிறுவனங்கள் அரசிடம் தர வேண்டும் என்றும் ஆக்கியது. ஐ.எஸ்.ஓ. விதிகளை வகுத்த குழுவிலோ சிகரெட் நிறுவனங்களின் ஆட்களே நெடுங்காலம் மேலோங்கி இருந்தார்கள். தேர்வு எழுதுபவரே கேள்வித்தாள் தயாரித்த கதை.

ஆய்வுக்கூடம் நிறுவனங்களிடமும் இருந்தது. ஃபிலிப் மோரிஸ் 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இன்பிஃபோ என்ற ஆய்வு நிலையத்தை வாங்கியது. உறவு வெளியே தெரியாமல் இருக்க இடையில் ஆட்களை வைத்தது. நீதிமன்ற வழக்குகளால் உள் ஆவணங்கள் வெளிவந்த பிறகு, 2005இல் ‘லான்செட்’ இதழில் இந்தக் கதை விரிவாக வந்தது. அங்கே சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் சிகரெட்டின் எரியும் முனையிலிருந்து எழும் புகை. பக்கத்தில் இருப்பவரின் மூச்சில் கலப்பது அதுதான். கலிஃபோர்னியாவின் சுசான் ஷிக், ஸ்டாண்டன் கிளான்ட்ஸ் இருவரும் அந்த ஆவணங்களை ஆராய்ந்து, கிராமுக்குக் கிராம் அது வாயால் இழுக்கும் புகையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நச்சு என்று காட்டினார்கள். கொலோனில் அது 1980களிலேயே தெரிந்திருந்தது. பொதுமேடையில் சிகரெட் நிறுவனங்கள் பக்கத்துப் புகையால் தீங்கில்லை என்று வாதாடிக்கொண்டிருந்த காலம் அது.

நீதிமன்றமும் ஒருமுறை நேரடியாக இந்தக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் புகையிலையை எரிக்காமல் பெரும்பாலும் சூடுபடுத்தும் எக்லிப்ஸ் என்ற சிகரெட்டைக் கொண்டுவந்தது. புற்றுநோய் அபாயம் குறைவாக இருக்கலாம் என்று விளம்பரம் செய்தது. வேதியியல் பகுப்பாய்வு, பாக்டீரியா, செல், எலித் தோல், புகைப்பவர்களின் சிறுநீர் என்று வரிசையாகச் சோதனை முடிவுகளைக் கையில் வைத்திருந்தது. அந்த முடிவுகள் பொய் அல்ல. சூடுபடுத்திய புகையில் திடீர்மாற்ற வீரியம் குறைவாகத்தான் இருந்தது. வெர்மான்ட் மாநில அரசு 2005இல் வழக்குப் போட்டது. 2010இல் தீர்ப்பு வந்தது: விளம்பரம் சொன்ன அளவுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இதில் எனக்குத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பாக்டீரியாவிடம் கேட்ட கேள்வியை மனித நுரையீரலின் பதிலாக விற்பது ஏமாற்றுதான், எண்கள் உண்மையாகவே இருந்தாலும். 2020இல் ஐகோஸ் என்ற சூடாக்கும் சாதனத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தபோது இந்தக் கோட்டை அழுத்தமாக வரைந்தது. தீங்கான பொருள்கள் உடலில் சேர்வது குறையும் என்று சொல்லிக்கொள்ளலாம். நோய் அபாயம் குறையும் என்று சொல்லக் கூடாது.

பீடியை இந்த ஏற்பாட்டில் எங்கே வைப்பது? சிகரெட்டுக்கு வகுத்த இழுப்பு விதிகள் அதற்குப் பொருந்துவதே இல்லை. பீடி இலை சிகரெட் தாளைப்போலக் காற்றை விடாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்றால் அணைந்து போகும். டீட்ரிக் ஹாஃப்மன், மும்பையின் எல்.டி. சங்வி, வைண்டர் ஆகியோர் 1974இல் பீடிப் புகையை அமெரிக்கச் சிகரெட்டோடு ஒப்பிட்டார்கள். உள்ளே இருக்கும் தூள் சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆனாலும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, ஃபீனால் போன்றவற்றில் பீடி சளைக்கவில்லை. புகைக்காமலே சேதம் வருவதும் உண்டு. மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தினர் 1990களில் பீடித் தூள் பதப்படுத்தும் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது குரோமோசோம் கோளாறுகள் கூடியிருந்தன. தூசியும் தோலில் படும் புகையிலையும் போதுமாக இருந்தன. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்கள் எத்தனையோ பேர். 2019இல் நொய்டா, மும்பை, குவாஹாட்டி ஆகிய இடங்களில் தேசியப் புகையிலைச் சோதனைக் கூடங்களை மத்திய அரசு திறந்தது. சிகரெட்டில் தாரும் நிக்கோடினும் அளப்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது இந்தப் பெண்களின் ரத்தத்தின் மேல் திரும்ப வேண்டும்.

புகையிலிருந்து செல்லுக்குப் போகும் திசையிலேயே இருந்த ஆய்வு 1990களில் எதிர்த் திசையில் திரும்பியது. நோயாளியின் கட்டியை எடுத்து, அதன் டி.என்.ஏ.வில் புகை விட்டுப்போன தடம் இருக்கிறதா என்று தேடினார்கள். பி53 என்ற மரபணு செல் தறிகெட்டுப் பெருகாமல் காக்கும் காவல். நுரையீரல் புற்றுநோய்களில் அது அடிக்கடி பழுதாகியிருந்தது. அதுவும் 157, 248, 273 என்ற சில இடங்களில் குவிந்து. குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்திருந்தது. 1996இல் மிகயீல் டெனிசெங்கோ, கெர்ட் ஃபைஃபர் குழுவினர், தாரில் உள்ள பென்சோபைரீன் உடலில் மாறி உண்டாகும் வீரியப் பொருளை மனித நுரையீரல் செல்களில் சேர்த்து, அது பி53இல் எங்கே ஒட்டுகிறது என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார்கள். அதே மூன்று இடங்கள். கட்டிகளில் கண்ட பழுதும் ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒட்டும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. அதன் பிறகு புகையிலை நிறுவனங்களிடம் நிதி பெற்றவர்கள் சிலர் பி53 முடிவைக் கேள்விக்குள்ளாக்கும் கட்டுரைகளை எழுதினார்கள். அந்த நிதித் தொடர்பும் 2005இல் அம்பலமானது.

முழு மரபணுத் தொகுதியையும் படிக்கும் வசதி வந்தபின் தடம் இன்னும் துலங்கியது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் 2010இல் ஒரு சிறுசெல் நுரையீரல் புற்றுநோயின் டி.என்.ஏ.வை முழுக்கப் படித்தது. 22,910 எழுத்து மாற்றங்கள். சராசரியாகப் பதினைந்து சிகரெட்டுக்கு ஒரு திடீர்மாற்றம் என்று கணக்கிட்டார்கள். 2016இல் லுட்மில் அலெக்ஸாந்த்ரோவும் சக ஆய்வாளர்களும் 5,243 புற்றுநோய்களை ஒப்பிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு பெட்டி என்று ஓராண்டு பிடித்தால், நுரையீரலின் ஒரு செல்லில் சுமார் 150 திடீர்மாற்றங்கள். குரல்வளையில் 97, தொண்டையில் 39, வாயில் 23, சிறுநீர்ப்பையில் 18, கல்லீரலில் 6. பென்சோபைரீனைத் தனியே சேர்த்து வளர்த்த எலிச் செல்களிலும் நுரையீரல் கட்டியில் காணும் அதே தடமே விழுகிறது. ஆனால் சிறுநீர்ப்பையில் அந்தத் தடம் தெளிவாக இல்லை. அங்கே திடீர்மாற்றங்கள் கூடுவது வேறொரு வடிவத்தில். அந்த உறுப்பில் புகை எந்த வழியில் வேலை செய்கிறது என்பது பாக்டீரியாத் தட்டுகளிலும் தெரியவில்லை, கட்டிகளிலும் முழுதாகத் தெரியவில்லை.

2020இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. லண்டன், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 16 பேரின் மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து செல்களைத் தனித்தனியாக எடுத்து வளர்த்து, 632 செல் கூட்டங்களின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். குழந்தைகள், புகைக்காதவர்கள், புகைத்துக்கொண்டிருப்பவர்கள், விட்டவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். புற்றுநோய் வராத செல்களிலேயே புகைப்பவர்களுக்குச் சில செல்களில் பத்தாயிரம் வரை கூடுதல் திடீர்மாற்றங்கள் இருந்தன. விட்டவர்களிடம் கண்டதுதான் எதிர்பாராதது. அவர்களுடைய செல்களில் 20 முதல் 40 சதவீதம், ஒருபோதும் புகைக்காதவருடைய செல்களைப்போலவே இருந்தன. புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இப்படிப்பட்ட செல்கள் இருப்பதைவிட இது நான்கு மடங்கு. சேதமான செல் தன்னைத் திருத்திக்கொண்டதால் வந்தது இல்லை. நடந்துவிட்ட திடீர்மாற்றம் திரும்பிப் போகாது. இந்தச் செல்களின் குரோமோசோம் முனைகள் நீளமாக இருந்தன. அவை அதிகம் பிரிந்து தேயாதவை என்பதற்கு அது அடையாளம். புகை எட்டாத ஏதோ ஓர் இடத்தில் சும்மா இருந்த மூலச் செல்கள், சிகரெட் நின்றதும் பெருகிப் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இடம் மூச்சுக்குழாயில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களின் அடுத்த கேள்வி.